வாயை மட்டும் அசைக்கச் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன், கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயில் பாடகர் குழு கிறிஸ்மஸ் கரோல் போட்டிக்குத் தயாரான நேரம். வேலை முடிந்து, பஸ்ஸில் நசுங்கி வந்து, வெறும் வயிற்றோடு பாடிப் பழகுவோம். முறையாகச் சங்கீதம் படித்தவர்கள் யாரும் இல்லை. எனக்குக் காது கொஞ்சம் கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. அதனால் கீழ்க்குரல் பாடும் பெண்களுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள்.

என் பக்கத்தில் நிற்பவர் கொச்சிக்கடையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் அக்கா. ஒரு பயிற்சிகூடத் தவறவிட்டதில்லை. ஆனால் இழுத்துப் பாட வேண்டிய இடம் வந்தால் போதும், அவர் குரல் மெல்லச் சுருதியை விட்டு இறங்கும். அதைக் கேட்டு அடுத்தவர்களும் இறங்குவார்கள். வயிற்றிலிருந்து மூச்சை எடுங்கள், தாடையை இறுக்காதீர்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் சரியாக இருக்கும், பிறகு பழைய கதைதான்.

போட்டிக்கு முதல் நாள் என் பொறுமை போய்விட்டது. எல்லோருக்கும் முன்னால், "அக்கா, நாளைக்கு நீங்க வாய மட்டும் அசைங்க. சத்தம் வேணாம்" என்று சொல்லிவிட்டேன். சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "சரி தங்கச்சி, நாம கெலிச்சா சரிதானே" என்றார்.

கெலித்தோம். கோப்பையோடு எடுத்த படத்தில் எல்லோரையும்விட அவர்தான் பெரிதாகச் சிரிக்கிறார். அதன் பிறகு பயிற்சிகளிலும் சுருதி இறங்கவில்லை. அப்பாடா, பிரச்சினை தீர்ந்தது என்று நானும் இருந்துவிட்டேன். இனிப் பாடுங்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாசி மாதம் அவருடைய கணவர் திடீரென இறந்துபோனார். அடக்கப் பூசைக்கு நாங்கள்தான் பாடினோம். குடும்பத்தோடு முன்வரிசையில் இருந்தவர், கடைசிப் பாட்டுக்கு எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"இது அவருக்கு நல்லாப் புடிச்ச பாட்டு. நானும் நிக்கிறேன்" என்றார்.

பாட்டுத் தொடங்கியது. கண்ணீர் வழிய, ஒரு வரி விடாமல் அவர் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவே இல்லை. அழுகையில் தொண்டை அடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முடிந்ததும் கையைப் பிடித்து, "பாட ஏலாமப் போச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"ஏலும் தங்கச்சி. நீங்க எல்லாரும் வடிவாப் பாடுறீங்க. நான் பாடி அதப் பழுதாக்கக் கூடாதுதானே."

ஐயோ, அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. விம்மி விம்மி மன்னிப்புக் கேட்டேன். புருஷனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நின்றவர் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

அதன் பிறகு எத்தனை தரம் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டும் அவர் குழுவுக்கு வரவில்லை. ஞாயிறு பூசையில் ஊரே சேர்ந்து பாடும் பாட்டுக்குக்கூட வாய் திறப்பதில்லை. இப்போதெல்லாம் குழுவில் யாராவது சுருதி தவறினால், ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் போய் நின்று சேர்ந்து பாடுகிறேன். ஆனால் ஒரு மனைவி தன் கணவருக்குப் பாடியிருக்க வேண்டிய கடைசிப் பாட்டை நான் பறித்துவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழியே இல்லை.