கட்டில் பக்கம் திரும்பிய ஊசி

எனக்கு எழுபத்திரண்டு வயசு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஏழு பேருக்கும் தீட்டுக் கழியும் வரை பாய்க்கடியில் இரும்பு வைத்தேன். ஏழும் திடமாக நிற்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... பிறகு யாரும் என்னைக் குறை பேசக் கூடாது.

போன சனிக்கிழமை நடந்தது.

பெரியவன் மகள் சாந்தி ஏ.எல் வகுப்பில் படிக்கிறாள். நான் சொல்லச் சொல்ல வாராவாரம் என் கதையை எழுதுகிறவளும் அவள்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தாள். செம்புக் கம்பி சுற்றிய வளையம், நடுவில் திசை காட்டும் ஊசி, பெட்டரி, கரண்ட் அளக்கும் மீட்டர் — அவ்வளவுதான். இதை வைத்துப் பூமியின் காந்தத்தை அளக்கப் போகிறாளாம்.

பூமிக்குக் காந்தமா? இத்தனை வருஷம் மலையேறிக் கொழுந்து பறித்தேனே, என் காலை ஒன்றும் இழுக்கவில்லையே?

"ஊசியத்தான் இழுக்கும் அப்பாயி. வடக்கப் பாத்தே நிக்க வைக்கும். கம்பியில கரண்ட் விட்டா வளையமும் தன் பக்கம் இழுக்கும். ஊசி எவ்வளவு திரும்புதுன்னு பாத்தா பூமியோட பலம் தெரிஞ்சிரும்."

கயிறு இழுக்கிற போட்டி. புரிந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை அளந்துவிட்டாள். வீட்டிலும் அளந்து, இரண்டும் ஒத்துவந்தால் இரத்தினபுரி போட்டிக்கு அனுப்புவதாகப் படிப்பிக்கிற சேர் சொல்லியிருக்கிறார். எங்கள் தோட்டத்திலிருந்து இதுவரை யாரும் போனதில்லை.

வெளியே மழை. எங்கள் லயத்து வீட்டுக் காம்பரா அறையில் மேசை போட ஒரே இடம், மரக்கட்டிலை ஒட்டித்தான். கட்டிலில் சின்ன மருமகள் கலாவின் பச்சைப் பிள்ளை. காவலுக்கு மெத்தை ஓரத்தில் நான். கலாவும் பக்கத்தில்தான் நின்றாள்.

தேயிலை பெக்டரி இருப்பது வடக்கே. ஊசி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கரண்ட் விடுவதற்கு முன்னமே கட்டில் பக்கம் திரும்பி நின்றது.

"ஊசிக்கு என்னாடி, மாமியாரக் கண்ட மருமக மாதிரி மூஞ்சத் திருப்பிக்கிட்டு நிக்குது?" என்றேன்.

கலா சிரிக்கவில்லை. சாந்திக்குக் கண் கலங்கிவிட்டது. "சேர் நம்பிக் குடுத்தாரு... கெடுத்துட்டேன் போல."

ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஒழுங்காக வடக்கைப் பார்த்தது. கட்டிலுக்குக் கொண்டுவந்தாள் — திரும்பியது. தலைமாட்டில் வைத்தாள் — துடித்தது.

"இங்க இரும்பு இருக்கு," என்றாள் சாந்தி.

"அத்த," என்றாள் கலா, "கொஞ்சம் எந்திரிங்க."

மெத்தையின் ஓரத்தைத் தூக்கினாள். பழைய சீலையில் சுற்றிய கத்தி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி.

கலா, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை விட்டுப்போகும் புள்ளமடுவத்தில் பிள்ளை பார்க்கிறவள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, கத்தி கித்தி கிட்டே வைக்காதீங்க என்று சொன்னவள். நானும் தலையாட்டியவள்.

எனக்கும் சாமிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இத்தனூண்டு ஊசி... கண் இல்லை, வாய் இல்லை. மெத்தையைத் தாண்டி எப்படிப் பார்த்தது?

கலா திட்டவில்லை. "பேய்க்குப் பயந்து வச்சீங்க. புள்ள பொரள ஆரம்பிச்சா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

கத்தியோடு லயத்து வரிசைக்குப் பின்னால் போய் நின்றேன். அளந்து முடியும் வரை உள்ளே வரக் கூடாதென்று பேத்தி உத்தரவு. தலையில் சாக்கு, கையில் கத்தி, மழை. கடைசியில் உள்ளேயிருந்து சாந்தி கத்தினாள்: "அப்பாயி, ஒத்து வந்திருச்சு!"

கண்ணுக்குத் தெரியாததற்குப் பயந்துதான் ஆயுசு முழுக்க இரும்பு வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று என் இரும்பையே காட்டிக்கொடுத்துவிட்டது. இனி யாரை நம்புவது?

கத்தி இப்போது வாசல் நிலைக்கு மேலே இருக்கிறது. பிள்ளைக்கும் எட்டாது, ஊசிக்கும் எட்டாது.

சாந்தி, எழுதினத ஒருக்கா வாசிச்சுக் காட்டு... கத்தி இருக்கிற அந்தக் கடைசி இடத்த மட்டும் சத்தமில்லாம வாசி. உங்க கலா சித்தி வாறா.