லைனில் மூணாவது ஆள்

இதை எனக்கு முதலில் சொன்னது லைன்மேன் ராமசாமி அண்ணன். தொண்ணூறுகளின் நடுவில், பழங்காநத்தத்தில் எங்கள் எஸ்.டி.டி. பூத்துக்கு லைன் இழுத்த அன்றைக்கு. பூத் நடத்துவது என்றால் அடுத்தவர் பேச்சுக்குப் பக்கத்திலேயே காதை மூடிக்கொண்டு உட்காரும் தொழில். நீங்களும் பூத் வைத்து அவதிப்பட்டவர் என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் ஆளாகி அவரவர் வழியில் போன பிறகு எனக்குத் துணை அந்த போன்தான். சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்டேன். அண்ணன் ஏணியில் நின்றபடி சிரித்தார். “தாயி, ரெண்டு பேரு பேசுற லைன்ல மூணாவதா ஒருத்தன் இருப்பான், பாத்துக்க.”

மஃப்டியில் வந்தவர்

எல்லையில் சண்டை நடந்த கோடை அது. எதிர்வீட்டு சரோஜாக்காவின் ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். அவர்கள் வீட்டில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் என் பூத்துக்குத்தான் கூப்பிடுவான். அந்தக் குரலைக் கேட்டால்தான் அக்காவுக்கு அந்த வாரம் சோறு இறங்கும். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். சௌராஷ்டிரக் குடும்பம். தாயும் மகனும் அவர்கள் பாஷையில் பேசுவார்கள். எனக்கு ஒரு எழுத்துப் புரியாது.

ஒரு நாள் மஃப்டியில் ஒருவர் வந்தார். போலீஸா, டெல்லி ஆளா, சொல்லவில்லை. புரியாத பாஷையில் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டார். “எங்க தெருவுல பாதிப் பேரு பேசுறாக சார். இம்புட்டு வருசமா எனக்குப் புரிஞ்சதில்ல” என்றேன். அவர் சிரிக்கவில்லை. போகும்போது என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துச் சொன்னார்: “புரியாததை ரொம்ப நாள் விட்டு வைக்க மாட்டாங்கம்மா.”

குண்டு

அந்த வாரமே பூ ஏவாரி செல்லப்பாண்டி அண்ணன் வந்தார். குண்டுமல்லியைப் பூக்கடைக்காரர்கள் முழுப்பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பம்பாய்க் கடைக்காரருக்குப் போன் போட்டு, சந்தையில் கத்திப் பழகிய தொண்டையில் சொன்னார்: “மாப்ள, நாளைக்கு பிளைட்ல குண்டு ஏத்தி விடுறேன். முகூர்த்தத்துக்குள்ள வந்துரும்!” லைனில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது போல ஓர் அமைதி.

மறுநாள் விமான நிலையத்தில் அவர் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கொட்டிக் கிளறிவிட்டார்களாம். தெருவே சிரித்தது. நான் போனையே பார்த்தேன். இதைக் கேட்டவன் ஞாயிற்றுக்கிழமை சரோஜாக்கா பேசுவதையும் கேட்பானே? புரியவில்லை என்று லைனைத் துண்டித்துவிட்டால், மகன் உயிரோடு இருப்பதை அந்தத் தாய் எப்படித் தெரிந்துகொள்வாள்? செல்லப்பாண்டி அண்ணன் வந்து போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்: “இனிமே மல்லின்னே சொல்றேன் சாமி, ஆளை விடு.”

சாப்பிட்டீங்களா

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. மகன்தான். அக்கா அவர்கள் பாஷையில் ரெண்டு வார்த்தை பேசியிருப்பார்கள். ஸ்பீக்கரில் வேறொரு ஆண் குரல், நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது போல: “தமிழ்ல பேசுங்க.”

பெற்ற நாளிலிருந்து மகனிடம் அக்கா தமிழ் பேசியதே இல்லை. அவர்களுடைய தமிழ் காய்க்காரருக்கும் கண்டக்டருக்கும் உள்ளது. “நீங்க... சாப்பிட்டீங்களா?” “சாப்பிட்டேங்க” என்றான் மகன். “உடம்பு நல்லா இருக்குங்களா?” “இருக்குங்க.” அவ்வளவுதான், லைன் போய்விட்டது. கேட்டுக்கொண்டிருந்தவனுக்கும் சேர்த்து மரியாதை போட்டுவிட்டார்கள் போல. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னார்கள்: “யாரோ வீட்டுப் பிள்ளைகிட்ட வழி கேட்ட மாதிரி இருக்கு.”

பெயர் சொல்லாதவர்

அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஞாயிறு தவறாமல் அக்கா வந்து உட்காருவார்கள். நான் முருகனைக் கூப்பிட்டபடி இருப்பேன். ஒரு காலையில் மணி அடித்தது. ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் மட்டும். மகனுடையது இல்லை என்று அக்காவின் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. தன் பாஷையில், பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி மெதுவாகப் பேசிக்கொண்டே போனார்கள். தமிழில் பேசச் சொல்லி யாரும் தடுக்கவில்லை. முடித்ததும், அன்றைக்குத் தமிழில் பேசச் சொன்ன அதே குரல் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொல்லிவிட்டு நின்றது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “உயிரோட இருக்கான், நான் போய்ச் சொல்லிர்றேங்கிறான்டி.”

மழைக்காலம் தொடங்கியபோது மகன் லீவில் வந்தான். ஒரு காலை இழுத்து நடந்தான். அம்மா அன்றைக்குப் பேசியது அத்தனையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மயக்கமாகக் கிடந்தபோது யாரோ காதோரம் சொன்னார்களாம், முகம் பார்க்கவில்லையாம். “உங்க ஆளுகள்ல உங்க பாஷை தெரிஞ்ச அந்தத் தம்பி யாருப்பா?” என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான், அப்புறம் போனைப் பார்த்தான். “அங்க எங்க பாஷை தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான் அத்தே.”

ஆகக்கூடி, கேட்கவே கூடாத தொழிலில் நானும் கேட்டுக்கொண்டே இருக்கும் தொழிலில் அந்த மூணாவது ஆளும் இருந்து, கேட்க வேண்டிய அவர் பெயரை நான் கேட்காமல் விட்டுவிட்டதால், நீங்கள் சாமி கும்பிடும்போது பெயர் தெரியாத அந்தப் பிள்ளைக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.