இரண்டு சுவிட்ச் வைத்த லைட்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் பேசும்போதே வீட்டையும் சேர்த்துப் பேசிவிடுவார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். உம்மாவும் வாப்பாவும் வளவின் பின்பக்கம் ஓர் அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் வீடு வந்தது. என் முறை வந்தபோது நானும் ஒதுங்கினேன். கணவர் மௌத்தாகிவிட்டதால் தனியாக ஒதுங்கினேன், அதுதான் வித்தியாசம்.

பழைய வீட்டை இடித்துவிட்டு, அதே இடத்தில் மகளுக்குப் புது வீடு. நிக்காஹ் முடிந்து அவள் மருமகனோடு கட்டாருக்குப் போனபோது சுவர்ப் பூச்சுதான் முடிந்திருந்தது. “ரெண்டு வருசம்தான் உம்மா, மறுகா இஞ்சதான் இருப்பம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல்லை நம்பி நான் மேசன்மாரோடும் வயரிங்காரரோடும் மல்லுக்கட்டினேன். வீட்டைக் கட்டிப்பார் என்று சொல்லிவைத்த மனிதர் லைட் போடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

என் அறைக்கும் மகள் சமைக்கப்போகிற குசினிக்கும் நடுவில் கிணறும் ஒரு கொய்யா மரமும் இருக்கின்றன. அந்த வழிக்கு ஒரு லைட் வேண்டும், அதற்கு இரண்டு சுவிட்ச் வேண்டும் என்றேன். ஒன்று என் கட்டில் தலைமாட்டில், மற்றது குசினியில். எதைத் தட்டினாலும் எரியும், எதைத் தட்டினாலும் அணையும்.

“என்னத்துக்கு ராத்தா இவ்வளவு வயர்? வெளிய ஒரு சுவிட்ச் போதாதா?” என்று வயரிங்காரர் கேட்டார்.

“மகளுக்குப் பிள்ளை கிடைச்சா நேரம் காலம் இல்லாம என்னத்தான் தேடுவா. கூப்பிடத் தேவையில்ல. லைட்டப் போட்டா நான் எழும்பி வந்திருவன்.”

மருமகன் இருக்கும் வீட்டில் பின்கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிற மாமியாக இருக்க எனக்கு விருப்பமில்லை. லைட் எரிந்தால் என்னை வரச் சொல்கிறாள். எரியாவிட்டால் நான் என் பாட்டில் இருப்பேன். இப்படி ஓர் ஏற்பாட்டை யோசித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மற்ற லைட்டுகளை வாங்கக் கல்முனைக்குப் போனேன். கடையின் கூரை முழுவதும் லைட்டுகள் தொங்கின. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து உளைந்தது. மகளை வீடியோ கோலில் எடுத்து, போனை உயர்த்திப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். குளியலறை டைல்சுக்காக ஒரு கிழமை என்னோடு கதைக்காமல் இருந்தவள் அவள். வாசல் கதவின் நிறம் பிடிக்கவில்லை என்று அழுதவள். இன்றைக்குச் சண்டை நடக்கும் என்று நான் தயாராகத்தான் போயிருந்தேன்.

“மாப்பிள்ளை அறைக்கு மஞ்சளா, வெள்ளையா?”

“எதெண்டாலும் சரி உம்மா.”

“ஹோலுக்கு இந்தக் கண்ணாடிக் குஞ்சம் தொங்கிறதா, கூரையோட ஒட்டினதா?”

“உங்களுக்கு விருப்பமானத எடுங்க.”

“குசினிக்கு?”

“நீங்கதானே அங்க இருக்கிற. உங்களுக்குக் கண் தெரியிறதாப் பார்த்து எடுங்க.”

ஏணியில் நின்ற கடைக்காரர், “நல்ல பிள்ளை ராத்தா, ஒண்டுக்கும் பிடிவாதமில்ல” என்றார். அவரை ஏணியோடு சேர்த்துத் தள்ளிவிடலாம் போல் இருந்தது. குடியிருக்கப் போகிற வீட்டுக்கு எந்தப் பெண்ணாவது எதெண்டாலும் சரி என்பாளா? எனக்குப் பயம் வந்துவிட்டது.

“எப்ப மகள் வாறீங்க?” என்று அத்தனை பேருக்கு நடுவில் கேட்டுவிட்டேன்.

“பார்ப்பம் உம்மா. அவருக்கு இஞ்ச நல்ல வேலை. பிள்ளை குட்டி எண்டாலும் இஞ்ச எல்லாம் வசதி.”

எங்கள் ஊரில் ‘பார்ப்பம்’ என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை. கடைக்காரர் மெதுவாக இறங்கி, சுற்றிவைத்த வயரைத் திரும்பவும் சுற்றத் தொடங்கினார். அதன் பிறகு நான் வாங்கியதெல்லாம் வீம்பில் வாங்கியது. கலியாண மண்டபத்து லைட் என்று நானே நக்கலடித்த கண்ணாடிக் குஞ்சம்தான் இன்றைக்கு ஹோலில் தொங்குகிறது.

எல்லா லைட்டும் மாட்டிப் பூட்டியாகிவிட்டது. முன்வீட்டில் போய்ப் படுத்தால் என்ன என்று பக்கத்து வீட்டு ராத்தா கேட்கிறாள். எழுதிக் கொடுத்த வீட்டில் கட்டிலைப் போட்டால் கொடுத்ததற்கு என்ன அர்த்தம்? கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்த கொக்குக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பொழுது சாயும் மஃரிப் நேரத்தில் வீடு இருண்டு கிடக்கக் கூடாது. பாங்கு சொன்னதும் போய் அறை அறையாக லைட்டுகளைப் போடுவேன். அங்கேயே தொழுதுவிட்டு, திரும்ப ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருவேன். ஹோல் லைட்டின் கீழே நிற்கும்போதுதான் தனிமை தாங்க ஏலாமல் போகும். அவ்வளவு வெளிச்சத்தில் ஒரு ஆள்.

போன கிழமை தொழுதுவிட்டு வெளியே வரும்போது, குசினியில் இருந்த அந்தச் சுவிட்சைத் தட்டினேன். இதுவரைக்கும் அதை நான் தொட்டதில்லை, அது மகளுடையது. குசினிக் கதவைச் சாத்திவிட்டு என் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தேன். ஜன்னலில் கொய்யா இலைகள் வெளிச்சத்தில் பச்சையாகத் தெரிந்தன. யாரோ என்னைக் கூப்பிடுவதாக நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று என்னையே ஏசிக்கொண்டு, தலைமாட்டுச் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினேன்.

அணைக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “இந்தா வாறன் மகள்” என்று சொல்லிவிட்டு, எழும்பிக் குசினிக்குப் போனேன்.