மித்ரா மாஷிமாவின் ஓட்டுக்கொடி

கணு வெட்டி நட்டுவிட்டு வேருக்காகக் காத்திருக்கிறவர்களே, உங்களுக்கும் கையில் கடிக்க நகம் மிச்சமிருக்காது என்று எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில், ஹவுராவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவருக்கு யார்டில் வேலை. நான் பழைய மீன் தொட்டியில் ஈரப்பாசி பரப்பி, கண்ணாடி மூடி போட்டு, அபூர்வக் கொடிகளைத் துண்டிலிருந்து வளர்த்துக் கொடுத்தேன். கூரை ஓடு மாதிரி இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகையோடு அப்பிக்கொண்டு ஏறுமே, அந்த வகை. அதற்காகவே கல்கத்தாவிலிருந்து தேடிக்கொண்டு வருவார்கள்.

வெட்டிய நாள்

துர்கா பூஜை முடிந்த வாரம் மித்ரா மாஷிமா வந்தார்; சித்தி வயசுக்காரர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். ஆற்றுக்கு அக்கரையில் கல்கத்தாவிலிருந்து ஹவுராவுக்குப் படகு, அப்புறம் லோக்கல் ரயில். மடியில் புடவைத் துணி சுற்றிய பலகை. கப்பலில் இன்ஜினியராக இருந்த அவர் கணவர் மலேயாப் பக்கமிருந்து கொண்டுவந்த கொடி. அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷ மழையில் கொடியின் அடித்தண்டு முழுக்க அழுகிவிட்டது. நுனியில் நான்கு இலைகள்தான் நல்லபடி இருந்தன.

பிளேடை நெருப்பில் காட்டி எடுத்தேன். தப்பாக வெட்டினால் இன்னொன்று எங்கேயும் கிடைக்காது. மாஷிமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ வெட்டும்மா. வெட்டியாச்சுன்னு சொல்லாதே. வேர் விட்டாச்சுன்னு மட்டும் சொல்லு."

மூடியைத் திறந்து திறந்து

நான்கு துண்டுகள், துண்டுக்கு ஓர் இலை. பத்தே நாளில் இரண்டு கறுத்துப்போயின. மிச்சத்துக்கும் அது பரவிவிடுமோ என்ற பயத்தில், அடுப்பில் சாதத்தை வைத்துவிட்டு ஓடுவேன், மூடியைத் திறப்பேன், மோந்து பார்ப்பேன். உள்ளே இருந்த ஈரமெல்லாம் வெளியே போனதுதான் மிச்சம். சாதம் இரண்டு தடவை அடிப்பிடித்த பிறகு கணவர் வாய் திறந்தார்.

"சிக்னல் விழுந்தா வண்டி தானா வரும். நீ போய்த் தண்டவாளத்துல நிக்காதே."

கோஷ் பௌதியின் இரக்கம்

நாத்தனார் வீட்டு விசேஷத்துக்காக இரண்டு நாள் கரக்பூர் போக வேண்டியிருந்தது. சாவியைப் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, கோஷ் பௌதியிடம் கொடுத்து, "தொட்டியை மட்டும் தொடாதீங்க" என்றேன். அங்கே பந்தியில் உட்கார்ந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பி வந்தால் மூடி தரையில், ஜன்னல் விரியத் திறந்து, தொட்டிக்குள் சுள்ளென்று வெயில். ஒரு துண்டு அப்பளமாகக் காய்ந்திருந்தது. மூலையில் நிழலில் இருந்த ஒன்றுதான் தப்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பௌதிக்கு எதுவும் புரியவில்லை.

"மூச்சு முட்டுமேன்னு திறந்துவிட்டேன் தீதி. பாவம், அதுவும் ஒரு உயிர்தானே?"

மாஷிமா பார்த்தது

தை பிறந்தபோது அந்த ஒற்றைக் கணுவில் வெள்ளை நூலாக வேர். கூடவே மிளகளவில் ஒரு புது இலை, பலகையோடு ஒட்டிக்கொண்டு. மாஷிமாவுக்குக் கடிதம் போட்டேன். மற்ற மூன்றைப் பற்றி ஒரு வரி எழுத எனக்குத் தைரியமில்லை.

அவர் வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியோரமாகக் குனிந்து, அந்த இலையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவர் கொண்டு வந்தப்போ இதைவிடப் பொடிசா இருந்தது. பிழைக்காதுன்னு அன்னைக்கு நான்தான் சொன்னேன்."

இத்தனைக்கும், பொழுதை எப்படிப் போக்குகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "செடி வளர்க்கிறேன், மனசுக்கு நிம்மதி" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.