இஸ்மத் எடுத்த அளவு

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, மாசி மாதத்தில் ஒரு காலை. கோட்டைமேட்டில் இருந்த சஹீரின் பேன்ஸி ஸ்டோருக்கு ஒரு அம்மாள் வந்து சவுரி கேட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைத் தலைப்பை நெற்றி வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தார். கடைக்குப் பின்புறம்தான் வீடு. சவுரி கேட்டுப் பெண்கள் வந்தால் நிறம் பார்த்துக் கொடுக்க சஹீர் தன் மனைவியைக் கூப்பிடுவான். இஸ்மத் கை நிறைய சவுரிக் கற்றைகளோடு வந்து அந்த அம்மாளை உள்ளே அழைத்துப் போனாள்.

"தலைப்பைக் கொஞ்சம் எடுங்கக்கா. உங்க முடிக்கு ஒத்து வர்றதாப் பார்த்துத் தர்றேன்."

அந்த அம்மாள் கதவைத் திரும்பிப் பார்த்தார். இஸ்மத் எழுந்து போய்த் தாழ் போட்டுவிட்டு வந்தாள். அதன் பிறகுதான் தலைப்பு இறங்கியது. சவுரியை முடிந்துகொள்ள அந்தத் தலையில் ஒரு முடிகூட இல்லை.

"ஆஸ்பத்திரில மருந்து ஏத்தறாங்க அம்மணி. அதுல எல்லாமே கொட்டிப்போச்சு" என்றார். "சவுரியை எப்படியாச்சும் ஒட்டிக்கலாம்னு வந்தனுங்க. முடியாதுங்களா?"

அவர் பெயர் ராமாமணி. அன்னூருக்குப் பக்கத்தில் காடு தோட்டம் உள்ள குடும்பம். கணவர் ஆறுச்சாமி, ஒரே மகள் லோகப்பிரியா. மார்பில் வந்த கட்டியை அறுத்து எடுத்த பிறகு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இஸ்மத்துக்கு விக் செய்யத் தெரியாமல் இல்லை. அவளுடைய தகப்பனார் அப்துல் குத்தூஸ் நாடக செட்டுகளுக்கு டோப்பா செய்து கொடுத்தவர். கல்யாணமாகும் வரையில் அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வலைத்துணியில் முடி கோத்திருக்கிறாள். ஆனால் அத்தா செய்ததெல்லாம் ராஜாவுக்கும் முனிவருக்கும். திரை விழுந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். ஒரு பெண் காலையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலும் தோட்டத்திலும் நாள் முழுக்க நடமாடும்படி ஒன்றை அவரும் செய்ததில்லை, அவளும் செய்ததில்லை.

"பார்க்கலாமுங்க அக்கா" என்றாள். "நல்லா வரும்னு சொல்லத் தைரியமில்லை. ஆனா செஞ்சு பார்க்கறேன்."

இஞ்சு டேப் பட்டதும் ராமாமணியின் தோள்கள் சட்டென்று குறுகின. அந்தத் தலையை டாக்டரைத் தவிர வேறு யாரும் தொட்டிருக்கவில்லை என்று இஸ்மத்துக்குப் புரிந்தது. டேப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிவிட்டு மறுபடி வைத்தாள். நெற்றியிலிருந்து காதுக்குப் பின்னால் போய்ப் பிடரியைச் சுற்றி வந்தாள். நெற்றி நடுவிலிருந்து பிடரிக்குழி வரை ஒரு அளவு, உச்சி வழியாகக் காதுக்குக் காது ஒரு அளவு. எடுத்து முடிக்கும்வரை ராமாமணி கண்ணைத் திறக்கவே இல்லை.

முதலில் செய்த விக், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ராமாமணி கண்ணாடியில் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆனால் அடுத்த வாரமே திரும்பி வந்தார். நெற்றியில் சாட்டையால் அடித்ததுபோல் சிவந்த கோடு. இடது காதுக்குப் பின்னால் தோல் உரிந்திருந்தது.

"குனிஞ்சா முன்னால வருதுங்க. பஸ்ஸு பள்ளத்துல உழுந்தா பின்னால போகுது. நான் திரும்பறேன், அது திரும்ப மாட்டேங்குது" என்றார். குறையாகச் சொல்லவில்லை. தன் தலைமேல்தான் தப்பு என்பதுபோல் சொன்னார். அதுதான் இஸ்மத்துக்குத் தாங்கவில்லை.

நாடக டோப்பா தலையை இறுக்கிப் பிடித்து நிற்கும். இந்தத் தலையை இறுக்கக் கூடாது, ஆனாலும் நழுவக் கூடாது. அவள் முழுவதையும் பிரித்தாள். அடியில் வைத்திருந்த தடித்த கித்தான் துணியை எடுத்துவிட்டு மெல்லிய வலையில் புதிதாகத் தைத்தாள். மொட்டைத் தலையில் வழுக்காமல் இருக்க உள்ளே நெற்றிப் பக்கம் பழைய மல் துணியில் பட்டை வைத்தாள். சுற்றிலும் போட்டிருந்த எலாஸ்டிக்கைப் பிடரியில் மட்டும் இரண்டு சிறு துண்டுகளாக ஆக்கி, தேவைக்கு இறுக்கவும் தளர்த்தவும் கொக்கி வைத்தாள். ராமாமணிக்கு இடது காதின் பின் எலும்பு சற்றுப் புடைத்திருந்தது. அந்த இடத்தில் விளிம்பைப் பிறைபோல வெட்டி மடித்துத் தைத்தாள்.

முடியின் நீளத்தில்தான் இருவருக்கும் வழக்கு.

"எனக்கு முழங்கால் வரைக்கும் இருந்துதுங்க அம்மணி. கொண்டை போட்டா ரெண்டு கை பத்தாது."

"அத்தனை கனம் வெச்சா பின்னால இழுக்குமுங்க அக்கா. பூ வேற வெப்பீங்க."

கடைசியில் சிறு கொண்டையும் ஒரு முழம் மல்லியும் என்று ஒப்புக்கொண்டார். இஸ்மத் அவரை அடுப்பு ஊதுவதுபோல் குனியச் சொன்னாள், குடம் தூக்குவதுபோல் நிமிரச் சொன்னாள், யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பச் சொன்னாள். விக் அசையவில்லை. ராமாமணி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த வீட்டில் காப்பி வாங்கிக் குடித்தார்.

அதன் பிறகு அவர் அடிக்கடி வந்தார். மருந்து ஏற்றுவது நின்று, முளைப்பாரிபோலப் பொடி முடி வந்தபோது விக் மேலே தூக்கிக்கொண்டது. இஸ்மத் கொக்கியைத் தளர்த்திவிட்டாள். "இனி உங்களுக்கு என் தயவு வேண்டாமுங்க" என்று அவள் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். மறு வருஷம் சித்திரையில் நோய் திரும்பியது. பொடி முடியும் போயிற்று. மறுபடி அளவெடுக்கையில், நெற்றிப்பொட்டு இரு பக்கமும் உள்வாங்கியிருந்ததை இஸ்மத்தின் விரல்கள் உணர்ந்தன. டேப்பில் கண்டதை வாய்விட்டுச் சொல்லாமல் கொக்கியை உள்ளே தள்ளித் தைத்தாள்.

காதோரம் மறுபடியும் புண்ணாகியிருந்தது.

"ராத்திரியும் போட்டுக்கிட்டே படுக்கறீங்களா அக்கா? கழட்டி வெச்சாத்தான் தோலு ஆறும்."

"அதெப்படிங்க அம்மணி? எங்கூட்டுக்காரரு பக்கத்துல படுத்திருக்காங்க."

"அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறதே அவங்கதானே?"

"முடி கொட்டுதுன்னு தெரியுமுங்க. என்னை இப்படிப் பார்த்ததில்லை." ராமாமணி தலையைத் தொட்டுக் காட்டினார். "பொண்ணு பார்க்க வந்தப்ப நான் காப்பி குடுத்துப்போட்டுத் திரும்பிப் போனனாம். சடையப் பார்த்து அப்பவே சரின்னு சொல்லிப்போட்டாங்களாம். அவிய வாயால சொன்னதுங்க. அந்தக் கண்ணுல இதை எப்படிங்க காட்டறது?"

இஸ்மத் விளிம்பில் இன்னொரு மடிப்பு பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை கடை வாசலில் அம்பாசிடர் கார் வந்து நின்றது. லோகப்பிரியா இறங்கினாள். தாயோடு இரண்டொரு முறை வந்திருந்ததால் இஸ்மத்துக்கு முகம் தெரியும்.

"அம்மா போயிட்டாங்கக்கா" என்றாள். "குளிப்பாட்டறதுக்குக் கழட்டுனோமுங்க. மறுபடி வெச்சா நிக்க மாட்டேங்குது. படுத்திருக்கறதால முன்னால தள்ளிக்கிட்டு வருது. சனமெல்லாம் வந்துட்டிருக்குதுங்க. அம்மாவை அப்படி யாரும் பார்க்கக் கூடாது. நீங்க வந்து வெச்சு உடுங்கக்கா."

இஸ்மத் கணவனைப் பார்த்தாள். வேற்று மதத்துச் சாவு வீடு. கிடத்தியிருக்கும் உடம்பைத் தொட வேண்டும். அங்கே இருப்பவர்கள் என்ன சொல்வார்களோ! சஹீர் கடை ஷட்டரை இழுத்துப் பூட்டினான். "நானும் வாரேன், கிளம்பு" என்றான். அவள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு காரில் ஏறினாள்.

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு வயசான அம்மாள், "இது யாரு கண்ணு?" என்று கேட்டார். "அம்மாவோட சிநேகிதிங்க" என்று சொல்லி லோகப்பிரியா அவள் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போனாள். சஹீர் பந்தலின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான்.

பிறந்த வீட்டிலிருந்து வந்த கோடிச் சேலையில் ராமாமணியைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். தலையை ஒரு வெள்ளைத் துணி மூடியிருந்தது. இஸ்மத் தலைமாட்டில் உட்கார்ந்து துணியில் கை வைக்கும்போது கதவு திறந்தது. ஆறுச்சாமி. சட்டையில்லாமல், தோளில் துண்டோடு நின்றார்.

"சித்த நேரம் இருங்க அம்மணி" என்றார்.

அவள் எழுந்து விலகினாள். அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் துணியைத் தானே எடுத்தார். உள்ளங்கையை உச்சியில் வைத்தார். பிறகு நெற்றிப்பொட்டில், காதுக்குப் பின்னால், அந்தப் புண் ஆறிய வடுவில். ஏற்கெனவே தெரிந்த இடங்களைத் தேடிப் போவதுபோல் கை போயிற்று.

"பகல் வெளிச்சத்துல இப்பத்தான் பார்க்கறேன்" என்றார்.

லோகப்பிரியா திடுக்கிட்டு, "அப்பா, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாம என்ன கண்ணு? தூக்கத்துல புரண்டா அது விலகிக்கும். முழிச்சாச் சங்கடப்படுவாளேன்னு மெதுவா எடுத்து நானே சரி பண்ணி வெச்சுப்போட்டுப் படுத்துக்குவேன். காதுகிட்ட அழுத்தாம வெக்கோணும். அழுத்துனா முனகுவா." அவர் கை இன்னும் அந்த இடத்திலேயே இருந்தது. "கழட்டிப்போட்டே படுத்துக்கன்னு சொல்லலாமான்னு பலநாள் வாய் வரைக்கும் வந்துது. அவளாச் சொல்லட்டும்னு இருந்துபோட்டேன்."

வெளியே புதிதாக யாரோ வந்து அழுகை ஓங்கியது. ஆறுச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப வெச்சு உடுங்க அம்மணி. அவ இஷ்டப்படியே இருக்கட்டும்" என்றார்.

படுத்திருக்கும் தலைக்கு அந்த விக் பொருந்தாது என்று இஸ்மத்துக்குத் தெரிந்தது. தலையணை பின்னாலிருந்து தள்ளும். கத்தரிக்கோலை எடுத்தாள். அவள் செய்ததிலேயே நன்றாக அமைந்தது அதுதான். பிஸ்மி சொல்லி இறைவனை நினைத்துக்கொண்டு பிடரியிலிருந்து உச்சிவரைக்கும் நேராக வெட்டினாள். கொக்கிகள் இரண்டும் தரையில் விழுந்தன.

"தலையை இலேசாத் தூக்கிப் புடிச்சுக்கங்க அண்ணா."

அவர் இரண்டு கையாலும் தூக்கினார். விரித்த விக்கை அவள் நெற்றியில் பொருத்தி இருபக்கமும் இறக்கி, வெட்டிய ஓரங்களைத் தலையணைக்கு அடியில் செருகினாள். அவர் குனிந்து இடது பக்கத்தைப் பார்த்தார்.

"இந்தக் காதுகிட்ட இன்னும் கொஞ்சம் தளர்த்தி உடுங்க."

இறந்தவருக்கு வலிக்காது என்று அவள் சொல்லவில்லை. பிறைபோல மடித்திருந்த அந்தத் தையலைப் பிரித்து, விளிம்பைக் காதைவிட்டு விலக்கி வைத்தாள். அவர் தலையசைத்தார். லோகப்பிரியா மல்லிகைப் பூவை வைத்தாள். ஆறுச்சாமி குங்குமம் வைத்தார். அதன் பிறகு கதவைத் திறந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் இஸ்மத் கணேசபுரம் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து குளித்துத் தொழுத பிறகு, அங்கே நடந்ததை சஹீரிடம் சொன்னாள். அவன், "இருட்டுலேயே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க" என்றான்.

ராமாமணி இருந்தபோது ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்ததைக் கேட்டு மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருத்தி, பொள்ளாச்சியிலிருந்து ஒருத்தி. சவுரி வியாபாரம் போய் இதுவே இஸ்மத்தின் வேலையாயிற்று. யார் வந்தாலும் கதவைத் தாழிடுவதற்கு முன், "வீட்டுக்காரர் வந்திருக்காங்களா? உள்ள கூப்பிடலாமா?" என்று ஒரு தடவை கேட்பாள். பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். அவள் வற்புறுத்த மாட்டாள்.

தொண்ணூற்று ஆறில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வெங்கடம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு. கேட்டதற்கு முதலில் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அளவெடுக்க இஸ்மத் டேப்பை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "வரச் சொல்லுங்கக்கா" என்றாள் மெல்ல. அவள் கணவன் உள்ளே வந்து கதவோரத்தில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். இஸ்மத் அவனைப் பக்கத்தில் வரச் சொல்லி டேப்பின் ஒரு முனையைக் கொடுத்தாள்.

"இதை நெத்தியில வெச்சுப் புடிச்சுக்கங்க தம்பி. அழுத்த வேண்டாம்."

அவன் பிடித்துக்கொண்டான். வெங்கடம்மாள் கண்ணை மூடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்மத் பின்னால் போய்ப் பிடரி அளவைப் பார்க்க ஆரம்பித்தாள்.