உப்பு டப்பா கொலை வழக்கு

கொலைக் கதை ஒன்றைத் தொடங்குவதற்கு முன்னால் ஆன்ட்டி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மடக்கி, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வைத்துவிடுவார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே இருப்பவர்களின் முகம் அவருக்கு வெறும் புகைமூட்டம்தான். ஏன் கழற்றுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "யாரு பயப்படுறீங்கன்னு கண்ணுல பட்டா எனக்குச் சிரிப்பு வந்துடும்மா, கதை கெட்டுப்போகும்" என்றார். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தை ஒட்டிய தெருவில் அவர் நடத்திய பெண்கள் விடுதியில், அதாவது பி.ஜி.யில், நான் சில வருடங்கள் இருந்தேன். வாணியம்பாடியிலிருந்து வேலைக்கு வந்த புதிது. மென்பொருள் சோதிக்கும் வேலை. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த முதல் குரல் அவருடையது.

ஆன்ட்டி ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர். ஐம்பதைத் தாண்டிய வயது, கனத்த உடம்பு, நடந்தால் படிக்கட்டு அதிரும். ஞாயிற்றுக்கிழமை அங்கே காலைப் பூசை முடிந்து, இரண்டு பஸ் மாறி, மதியச் சாப்பாட்டுக்குள் பி.ஜி.க்கு வந்துவிடுவார். அன்றைக்கு மட்டும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். சாப்பிட்ட தட்டு காயும்வரை கதை ஓடும். சவப்பெட்டிக் கடையைக் கட்டில் கடை என்று நினைத்துப் பூட்டை உடைத்த திருடனின் கதை அதில் ஒன்று. களைப்பில் ஒரு பெட்டிக்குள் படுத்துத் தூங்கிப்போனானாம். விடிந்ததும் பெட்டி விற்றுப்போய், தூக்கிக்கொண்டு போன நாலு பேரும் பெட்டி தும்முவதைக் கேட்டுத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடினார்களாம். எங்கள் கட்டிடத்து லிஃப்ட் யாரும் கூப்பிடாமலே இரண்டாம் மாடியில் நின்று திறக்கும். புதிதாக வந்த பெண்கள் வெளிறிப்போவார்கள். "அது ஒண்ணுமில்ல, அந்த ஃப்ளோர்ல இருந்த ஒருத்தி. தினம் கம்பெனி கேப்ப விட்டுடுவா. செத்தும் ஓடிக்கிட்டிருக்கா பாவம்" என்பார் ஆன்ட்டி. அதற்குப் பிறகு லிஃப்ட் திறந்தால், உள்ளே பார்த்து "கேப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு ஏறுவது எங்கள் வழக்கமானது.

ஆனால் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டது உப்பு டப்பாக் கதையைத்தான். ஜீவனஹள்ளியில் ஒருவன் தன் மனைவியைக் கொன்றுவிட்டு, அவள் வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தான். சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலையில் அவனுக்குப் பசித்தது. அங்கேதான் வழக்கு ஆரம்பம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, எங்கள் வீட்டில் உப்பு எதில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான். மதியம் எதிர்வீட்டில் போய் சாம்பார்ப் பொடியை விசாரித்தான். சாயங்காலம் இன்னொரு வீட்டில் புளியைப் பற்றிக் கேட்டபோது, அந்த வீட்டுக்காரி, உங்கள் சம்சாரத்துக்கே போன் போட்டுக் கேளுங்களேன் என்றாள். "போனு வீட்லயே கிடக்குதே" என்று சொல்லிவிட்டான். தெருப் பெண்கள் எல்லாரும் கூடி அவன் வாசலை எட்டிப் பார்த்தார்கள். அவளுடைய செருப்பும் அங்கேயே இருந்தது. போலீஸ் வந்தபோது அவன் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் அதில் ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்து, உப்பே இல்லையே என்றாராம்.

இந்த இடத்தில் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அவனுடைய மீசை, எதிர்வீட்டுக்காரியின் கிழிந்த நைட்டி, இன்ஸ்பெக்டரின் தொப்பை எல்லாவற்றையும் ஆன்ட்டி நடித்துக் காட்டுவார். வீட்டின் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில் அவளைக் கண்டுபிடித்ததை மட்டும் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார். செத்துப்போனவள் எப்படி இருந்தாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்களில் யாரும் கேட்டதும் இல்லை.

அப்போது என் அறையில் இருந்தவள் சேலம் பக்கத்துப் பெண். ஒரு கால் சென்டரில் வேலை. கல்யாணம் ஆகவில்லை என்று சொல்லித்தான் சேர்ந்திருந்தாள். காதுக்குப் பின்னால் தையல் போட்ட தழும்பு ஒன்று இருந்தது. மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னாள். சான்றிதழ்களையும் இரண்டு மாற்றுத் துணிகளையும் ஒரு பையில் அடைத்து, அதையே தலைக்கு வைத்துப் படுப்பாள். வாசலில் ஆண் குரல் கேட்டால் பேச்சை நிறுத்திக் கவனிப்பாள். பழகிய பிறகு ஒருநாள் தானாகவே சொன்னாள். கல்யாணமாகி நாலு வருடம். தழும்பு, கிரைண்டர் கல்லில் மோதியதால் வந்தது. மோதவைத்தவன் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேடிக்கொண்டிருந்தான். என்னைத் தவிர ஆன்ட்டியிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அவன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நாங்கள் எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தபோது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் இனிப்புப் பெட்டி, மிக மெதுவான குரல். அண்ணன் என்று சொல்லி வாட்ச்மேனைத் தாண்டி வந்திருக்கிறான். நேராக அவளிடம் போய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கிளம்பு என்றான். என் பக்கத்தில் இருந்தவளின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவள் எழுந்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். அந்தக் குரலுக்கு எழுந்து எழுந்து பழகிய உடம்பு அது.

ஆன்ட்டி அவசரப்படவே இல்லை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, "ஊர்லேர்ந்து வந்திருக்கீங்க, சாப்பிடாம போறதா? உக்காருங்க தம்பி" என்றார். குடும்ப விஷயம் என்று அவன் தயங்கியபோது, குடும்ப விஷயம் என்றால் அவசியம் சாப்பிட்டுவிட்டுத்தான் பேசவேண்டும் என்றார். தட்டு வைக்கச் சொல்லிவிட்டுச் சமையல்காரம்மாவிடம் கன்னடத்தில் வேகமாக ஏதோ சொன்னார். அவன் காதுக்கு அது ரசம் கொண்டுவரச் சொன்னதுபோல் இருந்திருக்கும். பக்கத்துத் தெருவில் குடியிருந்த பெண் சப்-இன்ஸ்பெக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வா என்றுதான் சொன்னார். சமையல்காரம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கிப் போனதை நான் பார்த்தேன். ஆன்ட்டி எங்களைப் பார்த்துத் திரும்பினார். "இன்னைக்குக் கதை இல்லையான்னு கேட்டுக்கிட்டிருந்தீங்களே" என்று ஆரம்பித்தார். யாரும் கேட்டிருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றாமல் அவர் கதை சொல்லி அன்றுதான் பார்த்தேன்.

உப்பு டப்பாக் கதையை அன்று அவர் சொன்னதுபோல் அதற்கு முன்னும் பின்னும் யாரும் எந்தக் கதையையும் சொல்லி நான் கேட்டதில்லை. வழக்கமாகச் சீக்கிரம் முடியும் கதை முடியவே இல்லை. புதிதாக ஒரு கிளி வந்தது. பெருங்காயத்தைத் தேடி அந்தக் கொலைகாரன் மளிகைக் கடைக்குப் போய், கடைக்காரர் எந்தப் பெருங்காயம் என்று கேட்டதும் முழித்த காட்சி ஒன்று வந்தது. எங்களுக்குத் தெரிந்த கதையில் அதெல்லாம் இல்லை. அவர் நேரத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பெண்களுக்கும் மெல்ல மெல்லப் புரிந்திருக்கவேண்டும். சிரிக்கவேண்டிய இடத்தில் எல்லாரும் சேர்ந்து, தேவைக்கு அதிகமாகவே, சிரித்தார்கள். பெருங்காயக் கட்டத்தில் வந்தவனும் சிரித்துவிட்டான். சோற்றைப் பிசைந்துகொண்டே, அப்புறம் என்று கேட்டான்.

அப்புறம் செத்தவளைப் பற்றிச் சொன்னார் ஆன்ட்டி, முதல்முறையாக. கோயில் பாடகர் குழுவில் அவள் குரல் எப்போதும் அரை நொடி முந்திவிடும் என்றார். சிரிக்கும்போது பல் தெரியக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொள்வாள், பொத்திய கையில் எப்போதும் ஒரு காயம் இருக்கும், கேட்டால் கதவு இடுக்கு என்பாள். தொட்டி மூடியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது என்றார். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் கை தட்டில் நின்றது. ஆன்ட்டி குரலை மாற்றாமல், விருந்தாளியிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்பதுபோல, கேட்டார்.

"தம்பி, உங்க வீட்ல உப்பு டப்பா எங்க இருக்கு?"

அவன் வாயைத் திறந்தான். "அது... கிச்சன்ல" என்றான். அப்போதுதான் என் அறைத்தோழி பேசினாள். அவனைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அடுப்புக்கு மேல ரெண்டாவது தட்டு. நீல மூடி போட்டது. நீங்களே எடுத்துக்குங்க, நான் வர்ல."

நாற்காலி பின்னால் விழுந்தது. மெதுவான குரலெல்லாம் போய்விட்டது. மேசைக்கு இந்தப் பக்கம் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவ்வளவு பெண்களும் ஒரே சமயத்தில் எழுந்தோம். யாரும் சொல்லி எழவில்லை. ஆன்ட்டி மட்டும் உட்கார்ந்தே இருந்தார், அவன் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தபடி. வீட்டு உடையிலேயே சப்-இன்ஸ்பெக்டரும் சீருடையில் ஒரு பெண் காவலரும் உள்ளே வந்தார்கள். அவன் கையை விட்டான். இனிப்புப் பெட்டியை மறந்துவிட்டு அவர்களோடு போனான்.

அன்று மாலையே அவள் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தாள். ஆன்ட்டியும் நானும் கூடப் போனோம். வழக்கு நீண்டது, அலைச்சலும் நிறைய. ஆனால் அவன் மறுபடி அந்தத் தெருவுக்குள் வரவில்லை. விவாகரத்து கிடைத்து, இப்போது அவள் ஓசூரில் தனியாக வீடு எடுத்து, நல்ல வேலையில் இருக்கிறாள். நானும் பி.ஜி.யை விட்டு வந்தாகிவிட்டது. இப்போது கம்பெனி கேப்பில் என்னோடு வரும் சின்னப் பெண்கள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கொலைக் கதைகளைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிலசமயம் எனக்கும் ஒரு பக்கத்தைக் கொடுப்பார்கள். கொலைகாரன் எப்படி மாட்டினான் என்பதை நன்றாகத்தான் சொல்கிறார்கள். செத்தவள் வாயைப் பொத்திச் சிரிப்பவளா என்று யாராவது சொல்வார்களா என நான் காத்துக்கொண்டிருப்பேன்.

அவன் வந்துபோன அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு ஆன்ட்டி என்னையும் என் அறைத்தோழியையும் ஜீவனஹள்ளிக்குக் கூட்டிப் போனார். வெயில் ஏறிய நேரம். குறுகலான தெருவில் நட்சத்திர விளக்குகள் தொங்கின. பூட்டிக் கிடந்த ஓட்டு வீடு ஒன்றின் எதிரே அவர் நின்றார். மூச்சு வாங்குகிறது போலும் என்று நினைத்து நாங்களும் நின்றோம். எதிர்ப்பக்கம் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தவர், தெருவுக்குப் புதிதாக வந்தவர்போல, அங்கே நிற்காதீர்கள் மேடம் என்றார். ஏன் என்று கேட்டார் ஆன்ட்டி. அந்த வீட்டில் ஒரு அம்மா பேயாக இருக்கிறது என்றார் அவர். பெண்களை ஒன்றும் செய்யாது, கை ஓங்குகிறவனைத்தான் பிடிக்கும். முன்பு குடியிருந்த ஒருத்தன் பெண்டாட்டியை அறைந்துவிட்டு, விடிந்ததும் வீங்கிய கையோடு வீட்டைக் காலி செய்தான். இந்தத் தெருவில் இப்போது எந்த வீட்டிலும் கையோங்கும் சத்தம் கேட்காது. எல்லாருக்கும் பயம்.

"அப்படியா? நீங்க பாத்திருக்கீங்களா?" என்றார் ஆன்ட்டி.

"நான் பாக்கல மேடம். எங்க வீட்டுக்காரி பாத்திருக்கா. வாசக்கால் உசரத்துக்கு நிக்குமாம், முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு."

அவர் மனைவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதை மறுக்கவும் இல்லை, எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை. ஆன்ட்டி அவளையே சற்று நேரம் பார்த்தார். பிறகு ஆட்டோக்காரரிடம், ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தெருமுனை திரும்பியதும் என் தோழி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆன்ட்டி தானாகவே, அது என் கூடப் பிறந்த அக்கா என்றார். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். என்னை முடிக்கவிடாமல், சிரிக்கத்தானே சொன்னேன் என்றார். அவளைக் கொன்றவனை நினைத்தால் யாருக்கும் பயம் வரக்கூடாது, சிரிப்புதான் வரவேண்டும்.

"அவ செத்தப்ப தெருவே பாவம் பாவம்னுச்சு. உயிரோட இருந்தப்ப சத்தம் கேட்டுக் கதவச் சாத்திக்கிட்ட தெரு. செத்தும் அவ பாவமாவே கிடக்கணுமான்னு இருந்துச்சு எனக்கு. தண்ணி பிடிக்கிற இடத்துல, பால் பூத்ல, அவ இன்னும் அந்த வீட்லதான் இருக்கான்னு அங்கங்க ஒரு வார்த்த போட்டு வெச்சேன். மிச்சத்த அவங்களே சொல்லிக்கிட்டாங்க."

கோயில் மணி அடித்தது. ஆன்ட்டி தன் தோளின் மேல் உள்ளங்கையைப் படுக்கவைத்து, உயரம் காட்டினார்.

"எங்க அக்கா குட்டைம்மா. எனக்கு இதோ, இவ்வளவுதான் வருவா. இப்பப் பாரு, வாசக்கால் உசரம் வளந்துட்டா."