என் பையில் இருந்த கார்க் ஓப்பனர்

போன ஜனவரியில் சம்பந்தி குடும்பத்தோடு துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறப் போனோம். ராயபுரத்தில் எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளில் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுவது வழக்கம். நான் போட்டதில் மிச்சமிருந்த ஒரு பாட்டிலையும் கார்க் ஓப்பனரையும் என் கணவர் என் தோள்பையில் திணித்தார். கப்பலில் விடமாட்டார்கள் என்றேன்.

"பொம்பள பைய எவன் நோண்டப் போறான்? கம்முனு வா."

ஸ்கேனர் காட்டிக்கொடுத்துவிட்டது. காவலர் பாட்டிலை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஓப்பனரைத் தூக்கிப் பிடித்து, "இது யாருதும்மா?" என்றார். நான் கணவரைப் பார்த்தேன்.

"எனக்கு இன்னா தெரியும் சார்? வூட்ல ஒளிச்சி வச்சி அடிச்சிகினு கீறா. இங்கியும் தூக்கினு வந்துட்டா" என்று சிரித்தார்.

வரிசையே சிரித்தது. சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் இடுப்பிலிருந்த பேத்தியை வாங்கிக்கொண்டார். பயணம் முடியும்வரை என்னிடம் தரவே இல்லை.

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் ஒயின் போட்டேன். விருந்துக்கு வந்தவர் ஒருவர் ருசித்துவிட்டு, "பிரமாதம்! யார் போட்டது?" என்று கேட்டார்.

"நாந்தான்" என்று முந்திக்கொண்டார் என் கணவர்.

எதிரே, பேத்தியை மடியில் இறுக்கிக்கொண்டிருந்த சம்பந்தியம்மா என் கையிலிருந்த எவர்சில்வர் தம்ளரையே பார்த்தார். அதில் இருந்தது தண்ணீர்தான். இனி எடுத்துக் காட்டினாலும் நம்பமாட்டார்.